பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறேன்... எந்த பஸ் ஸ்டாண்டில்?

போன வாரம் ஆபீஸ் வேலையாகக் கோத்தகிரிக்குப் போயிருந்தேன். கிளம்பும்போதும் திரும்பிய பிறகும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள் — "ஊட்டி எப்படி இருக்கு?"

கோத்தகிரி, கோத்தகிரி என்று எத்தனை தடவை சொன்னாலும் சரி, கீழே இருப்பவர்களுக்கு மலை என்றால் ஊட்டிதான். பக்கத்து ஃப்ளாட் மாமி ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். என் கணவரோ, பொட்டானிக்கல் கார்டனில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றார். வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஆனால் ஒன்று... அவர்கள் சொல்லிச் சொல்லி, என் மனசு முழுக்க ஊட்டி உட்கார்ந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன தெரியுமா? தேயிலைத் தூளைப் பாக்கெட்டில் அடைக்கும் மெஷினை எங்கள் கம்பெனி விற்கிறது. வாங்கிய இடத்துக்குப் போய், அதை ஓட்டப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. இந்தத் தடவை கோத்தகிரிக்குப் பக்கத்தில் அரவேணுவில் ஒரு ஃபேக்டரி. தங்கியது கோத்தகிரியில் ஒரு லாட்ஜில்.

பகல் பறந்துவிடும். சாயங்காலம்தான் சிக்கல். தெரியாத ஊரில், தனியாக, ஒரு பொம்பளை சாயங்காலத்தை என்னதான் செய்வது?

என்னிடம் சில கைவைத்தியங்கள் உண்டு. நாக்பூர் என்றால் புடவைக் கடை ஏறி இறங்குவேன் — வாங்க மாட்டேன், விரித்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். விஜயவாடா என்றால் ஊறுகாய்க் கடை. ஒன்றுமே இல்லாத ஊர் என்றால் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச். கோத்தகிரியில் அதற்கும் வழியில்லை, ரயிலே கிடையாது. முதல் நாள் கடைத்தெருவை நடந்து முடித்துவிட்டுப் பார்த்தால், இன்னும் இருட்டவே இல்லை. அடுத்த நாள் மழை. லாட்ஜ் டிவியில் ஒரு கன்னட சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். காரணம் தெரியாமலே நானும் கொஞ்சம் அழுதேன். பொழுது போனதே, அது போதாதா?

கிளம்புவதற்கு முந்தின நாள். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பேக்கிங் பிரிவில் மூத்தவரான தங்கமணி என் காதருகே வந்து, சாயங்காலமானால் அந்த ரூமுக்குள் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். கன்னட சீரியல் என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். உடனே அழைப்பு — இன்றைக்கு ஊட்டிக்கு வாங்க, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நில்லுங்க, நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

பெரிதாகத் தலையாட்டினேன். பக்கத்தில் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சரோஜா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

லாட்ஜுக்குப் போய் முகம் கழுவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட். வழியில் கட்டபெட்டு தாண்டும்போது மனசு உருகிவிட்டது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, எனக்கு ஊர் சுற்றிக் காட்ட இவ்வளவு தூரம் வருகிறாரே... இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். நல்ல குளிர். மாமிக்கு வர்க்கி வாங்கிக்கொண்டு, ஒரு டீக்கடைப் பக்கமாக ஒதுங்கி நின்றேன். போன் அடித்தது. மெஷின் மக்கர் செய்தால் கூப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் நம்பர் கொடுத்திருந்தேன், நல்லவேளை.

"எங்கீங்க மேடம் இருக்கறீங்க?"

"பஸ் ஸ்டாண்டிலதான் தங்கமணி. டீக்கடை பக்கத்தில."

"நானும் டீக்கடைகிட்டதானுங்க நிக்கறேன். உங்களக் காணலியே?"

நான் கடையைச் சுற்றி வந்தேன். அவரும் அங்கே சுற்றியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. என்ன கலர் புடவை என்று கேட்டார், சொன்னேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார், பூக்கடை என்றேன். இங்கேயும் பூக்கடை இருக்கிறது என்றார். குன்னூர் பஸ் நிற்கிறது என்றேன். இங்கே எந்த பஸ்ஸும் இல்லையே என்றார். எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"தங்கமணி, நீங்க ஊட்டிக்கு வந்துட்டீங்கதானே?"

 மெதுவாக வந்தது பதில்.

"ஊட்டிக்கு எதுக்குங்க போனீங்க? நானு எங்க ஊட்டுக்கில்லீங்களா வரச் சொன்னேன்!"

ஊட்டுக்கு. வீட்டுக்கு! அவர் நின்றது ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே, அரவேணு பஸ் ஸ்டாண்டில். ஏழெட்டு கடைகள் இருக்கிற இடத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். 'ஊடு' எனக்குத் தெரியாத வார்த்தையா? சென்னையில் ஆட்டோக்காரர் தினமும் "ஊட்டாண்ட எறக்கிவுடவா" என்கிறாரே! மெஷின் சத்தம் பாதி, மனசில் உட்கார்ந்திருந்த ஊட்டி மீதி... சேர்ந்து கவிழ்த்துவிட்டன.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"பரவால்லீங்க மேடம். போனது போனீங்க, நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க. சந்தகைக்கு எல்லாம் எடுத்து வெச்சுட்டேன்... பேக்கிங்ல அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டேன், அதுதானுங்க. மேடமெல்லாம் சரின்னு சொல்லுவாங்க, வர மாட்டாங்கன்னு சரோஜா அப்பவே சொன்னா."

அந்தச் சிரிப்பின் அர்த்தம் இப்போது புரிந்தது. நாளை மதியம் நான் ஊருக்குக் கிளம்பிவிடுவேன். இன்றைக்குப் போகாவிட்டால் இல்லைதான். நான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் தங்கமணிதான் தினம் சரோஜாவின் முகத்தில் விழிக்க வேண்டும். "இதோ வர்றேன். நான் வராம சந்தகை பிழியக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

நின்றிருந்தது நான் வந்த அதே பஸ். அதே கண்டக்டர்.

"ஏனுங்கம்மா, அதுக்குள்ள ஊட்டி புடிக்காமப் போச்சுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் டிரைவரிடம் சொன்னார், டிரைவருக்குக் கேட்கும்படி சொன்னதால் பஸ்ஸுக்கே கேட்டது. கோத்தகிரி வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கினவர்கள் என்னைப் பார்த்து, "ஊட்டுக்குப் பத்திரமாப் போங்க" என்று 'டு'வை அழுத்திச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கோத்தகிரியில் தங்கமணியின் கணவர் ரங்கசாமி, தேயிலை ஏற்றுகிற பிக்கப் வண்டியோடு காத்திருந்தார். வழியில் அவர் பேசியது ஒரே விஷயம்தான் — வேலை விட்டு வந்ததிலிருந்து தங்கமணி வீட்டை நாலு தடவை துடைத்துவிட்டாளாம்.

வீடு என்றால்... இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் தங்கமணி. அவர் பக்கத்தில், சாட்சிக்கு வந்த மாதிரி சரோஜா! என்னைப் பார்த்ததும் சரோஜா நேராக உள்ளே போய்ச் சந்தகை பிழியும் பலகையைப் பிடித்துக்கொண்டார். தோல்வியை இதைவிட அழகாக யாரும் ஒத்துக்கொள்ள முடியாது.

சந்தகை என்பது இடியாப்பத்துக்குக் கோயமுத்தூர்ப் பக்கத்து உறவு. வெந்த மாவைச் சூடு ஆறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் அழுத்த வேண்டும். அழுத்தும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மெஷின் பாடம் எடுக்க வந்தவளின் லட்சணத்தைப் பார்த்துப் பேக்கிங் பிரிவே சிரித்தது.

தேங்காய்ப்பாலை ஊற்றி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு தங்கமணி எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். குழாயைத் திறந்து காட்டினார். ஜன்னலைச் சாத்திக் காட்டினார். லைட்டை அணைத்துப் போட்டுக் காட்டினார். கடைசியாகச் சுவரில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எஸ்டேட்காரங்க குடுத்த லைன் ஊட்டுல பொறந்தேனுங்க்கா. கட்டிக்கிட்டுப் போனதும் லைன் ஊட்டுக்குத்தான். எங்க ஊட்டுக்கு வாங்கன்னு ஒருத்தரக் கூப்புடறது இதாங்க மொதத் தடவ."

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை.  இந்தத் தடவை காரணம் தெரிந்தே கொஞ்சம் அழுதேன். ஊட்டியில் வாங்கிய வர்க்கியைத் தங்கமணி கையில் கொடுத்தேன். மாமி மன்னிக்க வேண்டும்.

வெளியூர் சாயங்காலத்தை எப்படிப் போக்குவது என்று இனி யாராவது என்னைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். யாராவது வா என்றால் போய்விடுங்கள். எங்கே என்று மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரூமுக்குத் திரும்பியதும் என் கணவர் போன் செய்தார். ஊட்டியைப் பார்த்தாயா என்றார். ஊட்டைப் பார்த்தேன் என்றேன். குளிரில் நாக்கு குழறுகிறதா என்று கேட்டார்.

"நாக்கு நல்லாத்தாங்க இருக்கு. காதுதான் ஊட்டி வரைக்கும் போய்ட்டு வந்துச்சு!"