முடிச்சுப் போட்டால்தான் காற்று

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடியபடியே, பஞ்சர்க்காரர் காலால் ஒரு கயிற்றைத் தபால்காரர் பக்கம் தள்ளுகிறார். "சும்மாதானே நிக்கிறீங்க? அந்தத் தூண்ல ஒரு முடிச்சுப் போடுங்க."

போட்டதும் எழுந்து வந்து, தூணில் காலை ஊன்றி முழு உடம்போடு இழுக்கிறார். அவிழ்ந்துவிட்டால் காற்று கிடையாது. தபால்காரர் இரண்டு முறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.

"பஞ்சர் ஒட்ட வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?"

"வெள்ளம் என்ன, லெட்டர் போட்டுட்டா வரும்? கட்டுங்க சார்."

பஞ்சர்க்காரர் ஐம்பதைத் தாண்டிய குட்டையான மனிதர். வானத்தைக்கூடத் தேய்ந்த டயரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்பார். பெரும்பாலும் தாங்காது.

கடைக்குப் பின்னால் ஆறு லாரி டியூப்கள். அவற்றின் மேல் மூங்கில் சட்டம். ஆற்றோரத்து மூன்று தெருக்களுக்கும் அதுதான் மிதவை. போன வெள்ளத்திலும் அவர்தான் ஒன்று கட்டினார். பாதி வழியில் மனைவியின் இடுப்பில் அவர் போட்ட முடிச்சு நழுவியது. தண்ணீரில் விழுந்து, ஆறு மணி நேரம் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பினார் அந்த அம்மா. இதைப் பஞ்சர்க்காரர் யாரிடமும் மறைப்பதில்லை. "டியூப் மேல குத்தமில்ல. கட்டுனவன் மேலதான்."

புது முடிச்சைச் சொல்லிக்கொடுத்தது பால்காரம்மா. கன்று எவ்வளவு திமிறினாலும் நழுவாது, கழுத்தையும் நெரிக்காது. பஞ்சர்க்காரர் ஒரு மாதம் அவள் தொழுவத்தில் போய் நின்று கற்றார். "அண்ணே, கன்னுக்குட்டியே சிரிக்குது பாருங்க" என்ற கேலியையும் வாங்கிக்கொண்டார். மிதவையில் எந்தப் பக்கம் ஏறினால் கவிழும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் கொத்தனார். இப்போது மூன்று தெருவிலும் முடிச்சுத் தெரியாதவர் நாலைந்து பேர்தான்.

மாதம் ஒரு ஞாயிறு குளத்தில் ஒத்திகை. எல்லோரும் இடுப்பில் அவர் கயிறு கட்டியதும் மிதவையில் ஏறுவார்கள். மனைவி மட்டும் பால்காரம்மாவிடம் போய் நிற்பார். "உங்க கையால விஷம் குடுத்தாலும் குடிச்சிடுவேன். கயிறு மட்டும் வேணாம்." மறுநாள் அவர் கடைத்தூணில் கயிற்றை இன்னும் பலமாக இழுப்பார், அவ்வளவுதான்.

இந்த ஞாயிறு பால்காரம்மா வரவில்லை. மாடு ஈனும் நேரம். மனைவி கயிற்றோடு கரையில் நின்றார். தபால்காரர் முன்னால் வந்தார். "நான் கட்டட்டுமாம்மா? போன வாரம் பாஸாயிட்டேன்."

"நீங்க இருங்கண்ணே."

அவரைத் தாண்டி நடந்து, கயிற்றின் நுனியைக் கணவரின் எண்ணெய்க் கையில் வைத்தார். பஞ்சர்க்காரர் நிதானமாகக் கட்டினார். பிறகு, கடைத்தூணுக்குச் செய்வதுபோலவே, காலைத் தரையில் ஊன்றி முழு உடம்போடு இழுத்தார்.