கையெழுத்துக்கு நாள் பார்த்தவர்

1. மூன்று நாற்காலி

விழுப்புரத்தில் எங்கள் கிளை அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு மேசை, எனக்கு ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. வேலையில் சேர்ந்த முதல் நாள் மூன்றையும் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் வரை ஒரே ஒருவர் வந்தார். டயர் கடைக்காரர் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கிளை என்றால் நான் மட்டும்தான். மேனேஜர் சென்னையில் இருந்தார், போனில்தான் பேசுவார். பதிப்புரிமைக்கு லைசென்ஸ் வாங்கித் தருவது எங்கள் வேலை. ஒரு காலேஜ் யாரோ எழுதிய புத்தகத்தில் சில பக்கங்களை ஜெராக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும். ஒரு பதிப்பகம் யாரோ வரைந்த படத்தைத் தன் புத்தகத்தில் போட நினைக்கும். எழுதியவரை, வரைந்தவரைத் தேடிப் பிடித்து, அனுமதிக் கையெழுத்து வாங்கி, அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்போம். ஏறக்குறைய கல்யாணத் தரகர் வேலை. என்ன, பந்தியில் உட்கார வைக்க மாட்டார்கள்.

திண்டிவனத்தில் ஒரு காலேஜ் பிரின்சிபால் என்னை அரைமணி நேரம் நிற்க வைத்துவிட்டுக் கேட்டார்: "புக்க காசு குடுத்துதானே வாங்கியிருக்கோம்? அப்புறம் இன்னா பர்மிஷன்?"

"டிக்கெட் எடுத்தா பஸ்ஸுல போலாம் சார். பஸ்ஸ வீட்டுக்கு ஓட்டிக்கினு போக முடியுமா?" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் லைசென்ஸ் எடுக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மேனேஜர் பிறகு சொன்னார். நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவளுக்குக் கிடைத்த இடத்தில் வாய் நீளத்தான் செய்யும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ரேடியோவாவது பாடிக்கொண்டிருக்கும். அம்மா போன பிறகு நான் அதைப் போடுவதில்லை. ஆபீஸில் தனியாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தனியாக இருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். அனுமதி கேட்டு வருகிறவளை யாரும் உட்கார் என்று சொல்வதில்லை.

2. தவளையின் சொந்தக்காரர்

வேலையின் கடைசி வருஷங்களில் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகத்தின் கேஸ் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகம் போடுகிறார்கள். பழைய கைடு ஒன்றில் பார்த்த படங்கள் அவர்களுக்குப் பிடித்துவிட்டன. தவளை, செம்பருத்திப் பூவின் நெடுக்கு வெட்டு, மனிதக் காது. வரைந்தவர் யார் என்று கண்டுபிடித்து லைசென்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் அவர் பெயரையும் போடுவார்கள்.

கைடு அச்சடித்தவர் திண்டிவனத்தில் இருந்தார். "அதா? ஏழுமலை மாஸ்டர் வரைஞ்சது. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்தாரு. கேட்டா வரைஞ்சி குடுப்பாரு. பேரு கீரு போடற வழக்கமெல்லாம் இல்லீங்க" என்றார். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். ஓமந்தூர் பக்கம் என்றார்.

திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போனேன். மாஸ்டருக்கு எழுபதைத் தாண்டிய வயது. மனைவி காலமாகிப் பல வருஷம். மகள் பெங்களூரில். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு கட்டு கைடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அவர் படத்தைப் பார்த்து ஒருவர் வரைந்து, அதைப் பார்த்து இன்னொருவர் வரைந்து, இப்படிப் பல கை மாறிய கைடுகள். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார்.

"பாரும்மா, இது என் தவளை. இதுல கால ஒடிச்சிட்டானுங்க. இதுல கண்ண நோண்டிட்டானுங்க. இங்க பாரு, இவன் போட்டது தவளையே இல்ல, பல்லி."

"உங்க பேரு எதுலயும் இல்லியே மாஸ்டர்."

"நான் கேக்கல. அவங்களும் போடல." கைடுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "ஆனா உள்ளுக்குள்ள இருக்கும் இல்ல?"

இந்தப் புத்தகத்தில் போடுவார்கள் என்றேன். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே வந்தது. அக்ரிமென்ட்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். அஞ்சு வருஷத்துக்கு உரிமம், ஒரே கையெழுத்து, அதற்குப் பிறகு எல்லாம் தபாலில். படித்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"இன்னிக்கி அஷ்டமிம்மா. நல்ல காரியத்துக்குக் கையெழுத்து போடக் கூடாது. இன்னொரு நாளு வா. டீ குடிச்சிட்டு போ."

3. நல்ல நாளே இல்லாத மாதம்

அடுத்த முறை போன் செய்து, எந்த நாள் வரட்டும் என்று அவரையே கேட்டுக்கொண்டு போனேன். போனால், "அடடா, கரிநாளு. பாக்காம சொல்லிட்டேன்" என்றார். அன்றைக்குக் கேப்பைக் கூழ் கொடுத்தார். செம்பருத்திப் பூவை பிளேடால் நெடுக்கில் பிளந்து வைத்து, அது வாடுவதற்குள் ஜல்தியாக வரைந்து முடித்த கதையைச் சொன்னார். கடைசி பஸ்ஸுக்குத்தான் கிளம்ப முடிந்தது.

அதற்கு அடுத்த முறையும் நாளை அவர்தான் சொன்னார். "கீழ்நோக்கு நாளா இருக்குதேம்மா. கிணறு வெட்டலாம், கையெழுத்து போடலாமா?"

மேனேஜர் போனில் கத்தினார். "ஒரு சைனுக்கு எத்தினி ட்ரிப்பும்மா? பப்ளிஷர் தெளிவா சொல்லிட்டாங்க. இந்த மாசத்துக்குள்ள வரலன்னா அவங்க ஆள விட்டுக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சிக்கறாங்களாம். உங்க மாஸ்டரும் வேணாம், அவரு தவளையும் வேணாமாம்."

நான் வாங்கிய லைசென்ஸ்களில் பெரும்பாலும் காலேஜ் பெயர்கள்தான் இருந்தன. ஒரு மனிதர் தன் பெயரை அச்சில் பார்க்கப் போகிறார் என்பது இந்த ஒரு கேஸில்தான். அதையும் ஒரு காலண்டர் தாள் கெடுத்துவிடும் போலிருந்தது. இந்த முறை ஏமாறக் கூடாது என்று என் வீட்டுக் காலண்டரை ஒரு வாரத்துக்கும் புரட்டி, ஒரு குற்றமும் இல்லாத வெள்ளிக்கிழமையைப் பிடித்தேன். போன் செய்தால் அவரிடம் திட்டமாக ஒரு பதில் இருந்தது. "வெள்ளிக்கிழமை வேலை இருக்குதும்மா. செவ்வாக்கிழமை வா."

செவ்வாய்க்கிழமைத் தாளைப் புரட்டினேன். நவமி.

4. வள்ளி சொன்னது

செவ்வாய்க்கிழமையே போனேன். பக்கத்து வீட்டு வள்ளி தெருவில் மல்லாட்டைக் கடலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் பால் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார் என்றாள்.

"நீங்க வர்றீங்கன்னா காலையிலயே சட்டைய தேச்சிப் போட்டுக்கினு குந்திக்கினு இருப்பாரு மேடம். பாலு வேற தனியா வாங்குவாரு."

"எதுக்கு? இன்னிக்கும் நாள் சரியில்லன்னு திருப்பித்தான் அனுப்பப் போறாரு" என்றேன். எரிச்சலில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வள்ளி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "யாரு, மாஸ்டரா? அவரா நாளு பாக்கறாரு? ஐயரு வேணாம், தாலி வேணாம்னு ராகு காலத்துல கல்யாணம் பண்ணிக்கினவரு மேடம் அவரு! எங்க வூட்டுல காதுகுத்துக்கு நாளு பாத்தா நம்மள உட்கார வெச்சி ஒரு மணி நேரம் திட்டுவாரு. பேஜாரு புடிச்ச ஆளு."

பிறகு மல்லாட்டையைத் துழாவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அந்த காலண்டரே எங்க வூட்டுதுதான். நீங்க மொத தடவ வந்துட்டுப் போன அப்பறம் வந்து ஓசி வாங்கிக்கினு போனாரு. முன்ன அவரு வூட்டுல மளிகைக் கடை காலண்டரு சும்மா தொங்கிக்கினு இருந்துது. அதுல நல்ல நேரமெல்லாம் சரியா போடலயாம்."

வாசலில் நின்றுகொண்டு யோசித்தேன். யோசிக்க ஒன்றுமே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் வர மாட்டேன். அஞ்சு வருஷத்துக்கு எல்லாம் தபால். அதைத்தான் முதல் நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு அவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார். தன் பெயரை அச்சில் பார்க்கப் பல வருஷம் காத்திருந்தவர், டீ குடிக்க ஒருத்தி வருகிறாள் என்பதற்காக அதையும் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்றுதான் நினைத்தேன். நானே கூட மூன்றாம் முறை போகும்போது பஸ்ஸில் சன்னல் ஓரம் கிடைத்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டிருந்தேன். வேறு எந்த வேலைக்கும் நான் அப்படிக் கிளம்பியதில்லை.

மாஸ்டர் பால் பாக்கெட்டோடு வந்தார். டீ போட்டார். "இன்னிக்கி நவமிம்மா" என்றார். "ஆமா மாஸ்டர், நானும் பார்த்தேன்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன்.

5. ஒரு பதிப்பு மட்டும்

ஆபீஸுக்குத் திரும்பி மேனேஜரைக் கூப்பிட்டேன். உரிமக் காலத்தை மாற்ற வேண்டும், அஞ்சு வருஷம் வேண்டாம், ஒரு பதிப்புக்கு மட்டும் எழுதலாம் என்றேன். பள்ளிப் புத்தகம் வருஷத்துக்கு ஒரு பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

"யாராச்சும் தனக்குத்தானே வேலை வெச்சிக்குவாங்களாம்மா?"

"ஆர்ட்டிஸ்ட் வேற எதுக்கும் ஒத்துக்க மாட்டாரு சார்" என்றேன். அது பொய்யில்லை.

பதிப்பகத்துக்கும் நேரமில்லை, ஒத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, யாரையும் கேட்காமல், புது அக்ரிமென்ட்டோடு போய் நின்றேன். காலம் என்ற பத்தியை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.

"ஒவ்வொரு வருஷமுமா?" என்றார்.

"ஆமா மாஸ்டர்."

"தபால்ல அனுப்பக் கூடாதா?"

"கூடாது. நான் நேர்ல வந்துதான் வாங்கணும். அப்படித்தான் போட்டிருக்கு."

பேனாவைக் கேட்டார். அப்போது மணி பதினொன்று. வெள்ளிக்கிழமை பதினொன்று என்றால் நல்ல கொழுத்த ராகு காலம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காலண்டர் பக்கம் திரும்பாமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து, காபி போடட்டுமா, டீயா என்றார்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். 'படங்கள்: ஏழுமலை' என்று முன்பக்கத்திலேயே இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுதார். துண்டால் துடைத்துக்கொண்டு, "தவள கால சரியா போட்டிருக்கானுங்க" என்றார்.

6. ஓடிபி

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போய் வந்தேன். நான் ரிட்டயர் ஆனதும் கிளையை மூடிவிட்டார்கள். கையெழுத்தையும் ஆன்லைனுக்கு மாற்றினார்கள். மொபைலுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் போதும்.

ஒருநாள் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், அந்த ஓமந்தூர் ஆர்ட்டிஸ்ட் ஓடிபி சொல்லவே மாட்டேங்கறாரு. நாலு தடவ அனுப்பிட்டோம். ஃப்ராடுன்னு சொல்லி கட் பண்ணிடறாரு. இந்தப் பதிப்புல அவர் படத்தையே எடுத்துடலாமான்னு கேக்கறாங்க."

"எடுக்காதீங்கம்மா, நான் போறேன்" என்றேன்.

மாஸ்டர் கொஞ்சம் தளர்ந்திருந்தார். சட்டை மட்டும் தேய்த்தபடி இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். எண் வந்தது. நான் படித்தேன், அவர் சொன்னார். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. இனிமேல் எல்லாம் இப்படித்தான், யாரும் நேரில் வர வேண்டியதில்லை என்று அந்தப் பெண் போனில் சந்தோஷமாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் இருந்தது. அவரும் கேட்டார்.

போனைப் பைக்குள் வைத்தேன். கிளம்ப எழுந்தேன்.

"அப்ப, அடுத்த வருஷம்?" என்றார்.

"அடுத்த வருஷமும் வர்றேன் மாஸ்டர். கையெழுத்துக்கு இல்ல. சும்மா வர்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சும்மா வர்றதுக்கு எதுக்கும்மா ஒரு வருஷம்?"

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அக்ரிமென்ட்டில் காலம் என்ற பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பாதீர்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து படிப்பவருக்கு அது வேறு ஏதோ சொல்லலாம். மற்றபடி, வாழ்நாள் முழுக்க அடுத்தவரிடம் அனுமதி வாங்கியே பிழைத்தவள் நான். ஒருவரைப் போய்ப் பார்க்க அனுமதியும் வேண்டாம், காரணமும் வேண்டாம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரிட்டயர் ஆக வேண்டியிருந்தது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறேன்.