ஞானமுத்து அண்ணாச்சிக்கு நான் எழுதுன பொய்

ஞானமுத்து அண்ணாச்சி செத்துப் போனாவ. காலையில ஜெயில்ல இருந்து போன் வந்துச்சு. ஹார்ட் அட்டாக்காம். உடம்பு ஆஸ்பத்திரியில இருக்காம்.

ஆமா, ஜெயில்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயிருந்தேன்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னேம்லா... அது சுத்தப் பொய். பஸ் ஸ்டாண்ட் அடிதடியில ஒருத்தன் மண்டைய உடைச்சுட்டு, பாளையங்கோட்டை ஜெயில்ல நாப்பத்தேழு நாள் ரிமாண்ட்ல கெடந்தேன்.

எங்க மாமியாரும் இந்த ஃபேஸ்புக்லதான் இருக்காவ. வாசிச்சா வாசிக்கட்டும். இனி என்னத்த மறைக்க.

இப்ப ஸ்ரீவைகுண்டம் தாண்டி அண்ணாச்சியோட ஊர்ல, சர்ச் காம்பவுண்டுக்குள்ள உக்காந்து டைப் பண்ணுதேன். சும்மா இருக்க முடியல. உள்ள பாஸ்டர் ஒரு அம்மாகிட்ட பேசிட்டு இருக்காவ. அந்த அம்மா சரின்னாதான் அண்ணாச்சிக்கு இந்த ஊர்ல குழி.

அண்ணாச்சி ஆயுள் கைதி. எங்க பிளாக்குக்கு சோத்து வாளி தூக்கிட்டு வருவாவ. எல்லாருக்கும் வெளம்பி முடிச்சுட்டு, தன் தட்டோட வராண்டாவுல உக்காந்து கண்ண மூடி ஜெபம் பண்ணுவாவ.

நான் போன மொத நாளு ஜெபம் முடிஞ்சதும் எந்திரிச்சு வந்தாவ. தன் தட்டுல இருந்து ஒரு பிடி சோத்த அள்ளி என் தட்டுல வச்சுட்டுப் போயிட்டாவ.

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும். ஜெயில்ல ஒருத்தன் சும்மா குடுப்பானா... பதிலுக்கு என்ன கேக்கப் போறாவளோன்னு ராப்பகலா இதே யோசனை.

நாலாவது நாள் கேட்டே கேட்டுட்டேன். அவிய வீட்டுல சோறு வடிக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அம்மா சர்ச்சுக்குன்னு ஒரு பிடி அரிசி எடுத்து தனிக் கலயத்துல போட்டுருவாவளாம். பிடி அரிசின்னு அதுக்குப் பேரு. "இங்க எனக்கு அரிசியா அளந்து தாரான்? அதான் வெந்த பொறவு எடுக்கேன்"ன்னு சிரிச்சாவ.

பிளாக்குல யாரு புதுசா வந்திருக்கானோ அவனுக்குத்தான் அந்தப் பிடி. அடுத்த வாரம் இன்னொருத்தன் வந்தான், எனக்கு நின்னு போச்சு. சத்தியமா சொல்லுதேன், கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு.

அவிய ஊர்ப் பக்கத்துல இருந்து புதுசா வந்த ஒருத்தன் அந்தச் சோத்த அப்படியே தூக்கி அவிய மூஞ்சியில எறிஞ்சான். தம்பிய வெட்டுனவன் கையால எனக்குச் சோறு வேண்டாம்னு கத்துனான். அப்பதான் எனக்கே வெவரம் தெரியும். வாழைத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுத சண்டையில சொந்தத் தம்பியவே...

அண்ணாச்சி கோவப்படல. கீழ விழுந்தத பைய பொறுக்கி ஊதி ஊதி தின்னாவ. மறுநாளும் ஒரு பிடி எடுத்துட்டு அவன்கிட்டதான் போனாவ.

நாப்பத்தேழு நாள்ல ஒரு தடவ கூட என்கிட்ட இயேசு, பைபிள்னு பேசுனதில்ல. ஏன்னு கேட்டதுக்கு சொன்னாவ: "நான் தம்பியக் கொன்னவம்லே. நான் சொன்னா எவன் நம்புவான்? சோத்தக் குடுத்தா தின்பாம்லா."

எனக்கு பெயில் கெடச்ச அன்னைக்கி கையப் பிடிச்சுக்கிட்டாவ. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யிலே, எங்க ஊரு ஐயரப் பாத்து, நான் செத்தா நம்ம கல்லறைத் தோட்டத்துல வைப்பாவளான்னு கேட்டு எழுதுன்னாவ. இங்க கிறிஸ்தவங்க பாஸ்டர ஐயர்னுதான் சொல்லுவாவ.

சரின்னேன். வெளிய வந்ததும் பயம். கொலக்காரனுக்காக வந்து நிக்கியே, நீ யாரு, எங்க பழக்கம்னு கேப்பாவளே... நான் போகல.

ஜெயில்ல இருந்து என் கடைக்கு ரெண்டு வருஷம் விடாம கார்டு வந்துச்சு. ஐயரப் பாத்தியா, ஐயரப் பாத்தியான்னு. தாங்க முடியாம ஒரு நாள் எழுதிப் போட்டேன்: "பாத்தேன். தாராளமா வைக்கலாம்னு சொல்லிட்டாவ."

பதில் கார்டுல ரெண்டே வரி. ஸ்தோத்திரம். இனிமே எனக்குப் பயமில்ல.

கோட்டிக்காரப் பய நான். நாலு வருஷம் அந்தப் பொய்ய நம்பிக்கிட்டே இருந்திருக்காவ. சொந்தம்னு ஜெயில்ல என் நம்பரத்தான் குடுத்து வச்சிருக்காவ.

போன வச்சதும் கடையப் பூட்டிட்டு பஸ் ஏறிட்டேன். ஐயர்கிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். அவிய என்னத் திட்டல. தனக்கு மறுப்பு ஒண்ணும் இல்ல, ஆனா செத்த தம்பியோட பொண்டாட்டி இதே சபையிலதான் இருக்கா, அவ சம்மதிக்காம குழி வெட்டச் சொல்ல மாட்டேன்னுட்டாவ. ஆள் விட்டு வரச் சொன்னாவ.

அந்த அம்மாதான் உள்ள இருக்காவ. முக்கால் மணி நேரமாச்சு. இன்னும் வெளிய வரல... முடியாதுன்னுட்டா நான் அண்ணாச்சிய எங்க கொண்டு போவேன்?

----

எடிட், மணி நாலு.

அந்த அம்மா வெளிய வந்தாவ. நீதான் பொய் லெட்டர் போட்டவனான்னு கேட்டாவ. ஆமான்னேன்.

பொறவு ஐயர்கிட்ட திரும்பி, "எங்க வீட்டுக்காரர் பக்கத்துல வேண்டாம். மேக்க மதில் ஓரமா வைங்க. நான் வர மாட்டேன்"ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டுப் போயிட்டாவ.

நாளைக்கு பதினோரு மணிக்கு அடக்கம். வாரவங்க வாங்க.

அண்ணாச்சி... இடம் கெடச்சுட்டு. இன்னைக்குத்தான் கேட்டேன், மன்னிச்சுக்கிடுங்க.

காலையில ஆஸ்பத்திரிக்கு வாரேன். ஊருக்குப் போவோம்.