மாமாவின் இரட்டைக் காபரேட்டர் கார்

தாய்மாமனைக் குறை பேசக்கூடாது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவராம். இருக்கட்டும். அவர்மேல் உள்ள கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை. போன மாதம் அவருடைய பழைய காரை வாங்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்ததாக அம்மா போனில் சொன்னார். அதைக் கொண்டுபோய் ஆற்றில் தள்ளச் சொல்லுங்கள் என்று போனை வைத்துவிட்டேன்.

கஹவத்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், வாசலில் கார் நின்றது மாமா வீட்டில் மட்டும்தான். மாமா தோட்டத்தை நிர்வகித்த துரைக்கு டிரைவராக இருந்தார். பங்களா கராஜில் துருப்பிடித்துக் கிடந்த இங்கிலாந்துக் காரைத் துரை மாற்றலாகிப் போகும்போது மாமாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு காபரேட்டர் வைத்த எஞ்சின். அந்த இரண்டையும் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், தானே பெற்றெடுத்த இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

மாமாவும் சித்தியும் தாத்தாவும் லயத்தில் ஒற்றை அறையான ஒரு காம்பிராவில் இருந்தார்கள். நாங்கள் பக்கத்துக் காம்பிரா. மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருக்குச் சமைப்பது, துவைப்பது, படுக்கையில் கிடந்த தாத்தாவைப் பார்ப்பது எல்லாம் அவருடைய தங்கையான என் சித்திதான். இத்தனைக்கும் நடுவில் சித்தி உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினார். எங்கள் லயத்தில் முதல் ஆள். டீச்சர் வேலைக்கு இரத்தினபுரியில் இன்டர்வியூ என்று கடிதம் வந்தபோது, என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் நீலச் சேலையை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் போனால் சேலை கசங்கிவிடும், காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார் மாமா. தங்கக் குணம் என்று லயமே சொன்னது.

சின்னப் பிள்ளையான என்னையும் கூட்டிப் போனார். காரணம் என் நாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எஞ்சினைப் பார்க்கும்போது நானும் கூட நிற்பேன். ரப்பர் குழாய் ஒன்றைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு காபரேட்டர்களின் வாயிலும் மாறி மாறிப் பிடித்து, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று கேட்பார். பிறகு டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி, தீப்பொறி விழும் நேரத்துக்கு டைமிங் வைப்பார். கடைசியில் வாக்குவம். முன் காபரேட்டரின் சிறு துளையிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் பைப், டிஸ்டிரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் வட்ட டப்பாவுக்குப் போகும். எஞ்சின் அதன் வழியாக இழுத்தால் டப்பாவுக்குள் உள்ள தோல் அசையும், தீப்பொறி கொஞ்சம் முந்தி விழும், பெட்ரோல் மிச்சமாகும். அந்தத் தோலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பைப்பை வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைக்க வேண்டும். நாக்கு ஒட்டியபடியே இருந்தால் தோல் நல்லது. வாயெல்லாம் பெட்ரோல் நாறும். அவர் சொல்லியிருந்தால் நான் எஞ்சினையே விழுங்கியிருப்பேன்.

பெல்மதுளை தாண்டியதும் ஒரு ரப்பர் தோட்டத்து ஓரமாக மாமா காரை நிறுத்தி, பானட்டைத் திறந்தார். எஞ்சினை அணைக்கவில்லை. பைப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். என்னை உறிஞ்சச் சொன்னார். நாக்கு நன்றாகத்தான் ஒட்டியது. அதை நான் சொன்னபோது அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்தி சர்டிபிகேட் பைலை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி வந்தார்.

"அண்ணே, வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? பெறகு என்ன?"

"ஓடும். மேட்டுல ஏறாது. வாக்குவம் இழுக்கல. பிஸ்டன் ஒடஞ்சா நடு ரோட்டுலதான் நிக்கணும். அஞ்சு நிமிஷம் இரு."

அந்த ஐந்து நிமிஷம் முடியவே இல்லை. ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது. இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸைச் சித்தி நடு ரோட்டில் நின்று மறித்தார். "நகின்ன நங்கி, இக்மனட்ட!" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லிக் கண்டக்டர் சிங்களத்தில் கத்த, புட்போர்டில் தொற்றிக்கொண்டு போனார். நீலச் சேலையின் முந்தானை கதவுக்கு வெளியே அடித்துக்கொண்டு போனது. மாமாவை நம்பாமல் போகிறாரே என்று எனக்குச் சித்திமேல்தான் ஆத்திரமாக வந்தது.

பஸ் வளைவில் மறைந்ததும் மாமா பைப்பை என் மடியில் போட்டார். பானட்டை மூடினார். இரத்தினபுரிப் பக்கம் போகாமல் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

என் கணவரின் பழைய வேனைப் பிற்பாடு ஒரு கராஜில் விட்டபோது, அங்கிருந்த மெக்கானிக் பாஸ் அதேபோல ஒரு பைப்பைப் பிடுங்கிக் காட்டினார். இது இல்லாவிட்டாலும் வண்டி போகும், பெட்ரோல்தான் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கு வேண்டுமென்றேதான் வண்டியை நிறுத்தினீர்களா என்று கேட்டேன். அவர் மறைக்கக்கூட இல்லை. "அவ டீச்சராப் போயிருந்தா தாத்தாவ யாரு பாத்திருப்பா? எனக்கு யாரு ஆக்கிப் போட்டிருப்பா?" என்றார். சித்தி அடுத்த வருஷமே தேயிலை பறிக்கக் கொழுந்துக்கூடையைத் தூக்கினார். இன்னும் தூக்குகிறார். இந்த மனுஷனுக்குத்தான் நான் மரியாதை கொடுக்க வேண்டுமாம்!

இன்டர்வியூவுக்குப் போன அன்று சாயங்காலம் சித்தி மேட்டில் நடந்தே ஏறி வந்தார். பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டதாம், உள்ளே விடவில்லையாம். அம்மாவிடம் அவ்வளவுதான் சொன்னார். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா மாமா கொண்டுபோய் விட்டிருப்பாரு சித்தி" என்றேன், அவரைக் குத்திக்காட்டும் எண்ணத்தோடு.

"வண்டி எப்பிடி வந்துச்சு?"

"ரெண்டாம் கியர்லயே மேட்டுல ஏறிருச்சு!"

"பைப்பு?"

"இந்தா, எங்கிட்டத்தானே இருக்கு."

சித்தி கையை நீட்டினார். கொடுத்தேன். அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அடுப்புக்குள் போட்டார்.

நான் கத்தினேன். ரப்பர் கருகும் நாற்றம் லயம் முழுக்கப் பரவியது. மாமா ஓடி வந்து வாசலில் நின்றார். காரில் ஒரு கீறல் விழுந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன். அவர் அடுப்பைப் பார்த்தார். சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. மாமா வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அந்த நெருப்பில்தான் அன்று அவருக்குச் சோறு வெந்தது. இவ்வளவு பெரிய அநியாயத்தைச் செய்த சித்தியை மாமா ஏன் ஒரு அறை அறையவில்லை என்று எனக்குள்ளேயே கேட்டு, நான் அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.