பள்ளத்து நெரையில் எடுத்த படம்

போன வாரம் தம்பின் டவுன் கடைத்தெருவில் மீ, அதாவது நூடுல்ஸ், சாப்பிட உட்கார்ந்தேன். காடியில் ஊறிய பச்சை மிளகாயைச் சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மீயில்தான் ஏதோ குறை என்று கடைக்காரர் நினைத்திருப்பார், பாவம்.

எனக்கு அது காடி வாடை இல்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட்டின் வாடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ரெம்பாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். பால் ஸ்டோரிலிருந்து ஒரு போத்தல் ஆசிட்டை நைசாக எடுத்துவந்து படம் கழுவுவேன். கண்ணாடி பிளேட்டில் உருவம் தெளிந்ததும் ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கினால், அதற்குமேல் கறுக்காமல் நிற்கும். குளியலறைதான் என் இருட்டறை. குளிப்பதெல்லாம் கிணற்றடியில். சட்டை, தலைமயிர், தின்கிற சோறு எல்லாவற்றிலும் அந்த நாற்றம். பெண் கொடுக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பியதற்கு அதுதான் காரணம் என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம்.

இந்தப் பைத்தியம் பிடித்தது சிரம்பானில் ஒரு ஸ்டூடியோவில். திரையில் வரைந்த அருவிக்கு முன்னால் என்னை விறைப்பாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு இரண்டு மைலில் நிஜ அருவியே கொட்டுகிறது, இதென்ன கூத்து என்று தோன்றியது. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய கேமராவை வாங்கினேன். அதன்பிறகு மரம், பெரணி, மேகம், இருவாட்சிப் பறவை என்று சுற்றியதுதான் வேலை. கணக்குப் புத்தகம் அப்புறம்தான்.

அந்தக் காலத்து பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. செம்பருத்தியை எடுத்தால் கரித்துண்டாக விழும். ஆரஞ்சுப் பழமும் கறுப்புதான். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் செய்தேன் என்பதுதான் இத்தனை வருஷமாக என்னை அரிக்கிறது.

தோட்டத்தின் கடைசி நெரைகள், அதாவது ரப்பர் மர வரிசைகள், ஒரு பள்ளத்தில் போய் முடியும். ஒரு நாள் காலையில் அதன் மறுகரையில், காட்டுப் பக்கமாக நின்று, பெரணிப் புதரும் மேலே நெரையும் தெரிகிற மாதிரி கேமராவை வைத்தேன். அன்றைக்குப் பறவைச் சத்தமே இல்லை. குரங்கு இல்லை. பூச்சிகூடக் கத்தவில்லை. எனக்கு அதில் சந்தோஷம். இலை அசையாது, படம் சுத்தமாக விழும். மூடியைக் கழற்றி, பத்து எண்ணி, மூடினேன். ஏனோ அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வந்த வேலை முடிந்தது என்று வேகமாகத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலையாட்களை வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கு எடுக்கும்போது, அந்த நெரையில் பால் வெட்டுகிற அஞ்சலை வேலைக்குப் போக மறுத்தாள்.

"பள்ளத்துல புலி கெடக்குதுங்க ஐயா. நேத்துக் காலையில கண்ணால பாத்தேன். அந்த நெர வேணாங்க."

மற்ற பெண்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு முகம் சிவந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானேதான் முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தேன். நேற்றுக் காலையில் அதே இடத்தில் நான் படம் எடுத்தேன், புலியும் இல்லை பூனையும் இல்லை என்றேன். ஓடிப்போய்ப் படத்தையும் எடுத்துவந்தேன். என் படம் ஒரு வழக்கைத் தீர்க்கப் போகிறது என்ற பெருமை.

துரை அதை அஞ்சலையிடம் நீட்டினார். "எங்கே புலி? நீ காட்டு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "எல்லாமே கறுப்பா இருக்கே. இதுல நான் எதைங்க காட்ட?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போகாவிட்டால் தோட்டத்தை விட்டே போ என்றார் துரை. அஞ்சலை வாளியைத் தூக்கிக்கொண்டாள். என்னைக் கடக்கும்போது, "கிராணி ஐயா சொன்னா சரிதாங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

பால் நிறுக்கும் நேரத்துக்கு அவள் வரவில்லை. ஆண்கள் தகரம் தட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மரத்தில் வெட்டு பாதியில் நின்றிருந்தது. கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் பால் மண்ணோடு உறைந்து கிடந்தது. கிடைத்ததைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெரணிக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். இலை வழியாக விழுந்த வெயில் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே உயரம். புலியின் காதுகளின் பின்பக்கம் அப்படி ஆளுக்கொரு வெள்ளைப் புள்ளி இருக்கும். கீழே விழுந்த மரம் மாதிரி நீளமாக ஒரு கறுப்பு. எனக்கு முதுகைக் காட்டி, நெரைப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான். வெட்கம்தான்.

கருமாதி முடிந்து அவள் புருஷன் மாரிமுத்து வந்தான். வாசற்படியில் ஏறாமல் நின்றான்.

"நீங்க எம்புட்டோ படம் புடிச்சிருக்கீங்க. எதுலயாச்சும் ஒரு ஓரத்துல அஞ்சல நிக்குதாங்க? புள்ளைக்குக் காட்டணும்."

இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெரணி, மேகம், இருவாட்சி. ஆள் குறுக்கே வந்தால் தள்ளிப் போகச் சொல்வது என் வழக்கம். அவளையும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒன்றிலும் அவள் இல்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனை. பள்ளத்தைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் புலி என்று ஒன்று இருந்ததையே யாரும் நம்புவதில்லை. என் பிளேட்டுகளைப் பூஞ்சை தின்றுவிட்டது. அந்த ஒன்று மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. புலி அப்படியே படுத்திருக்கிறது. மீக்கடையிலிருந்து வந்த நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அஞ்சலையின் முகம் எனக்கும் ஞாபகம் வரவில்லை.