ஹெலனின் கட்டைவிரல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அல்சூர் ஏரிக்கரைக் கம்பிவேலியில் பத்துப் பதினைந்து மவுண்டன் பைக்குகள் சாய்ந்து நிற்கும். ஹெலனின் கட்டைவிரல் படாமல் அவற்றில் ஒன்றுகூடக் கிளம்பாது. அந்தக் கூட்டத்தின் வழக்கம் அது. ஹெலன் ஒவ்வொரு டயராக அழுத்திக்கொண்டே வருவாள். 'பாஸ்' என்றால் ஏறி உட்காரலாம். 'ரிஜெக்ட்' என்றால் பம்பை எடுக்க வேண்டும். டாக்டராக இருந்தாலும் சரி, கம்பெனி முதலாளியாக இருந்தாலும் சரி, அப்பீல் கிடையாது.

இந்த பாஸும் ரிஜெக்ட்டும் அவளுடைய வேலையிலிருந்து வந்தவை. ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவள் செக்கர். தைத்து வரும் சட்டையை விரித்து, தையலைத் தடவி, காலரை இழுத்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பதினேழு வருடமாக அவள் பிழைப்பு. தெரிந்தே ஒரு ஓட்டைச் சட்டையை அவள் வெளியே விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சமல்ல, நிறையவே கர்வம் உண்டு.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். சுரங்கத்தை மூடிய பிறகு மற்றவர்களைப்போல விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனாள். பிறகு தாஸைக் கட்டிக்கொண்டு ஜீவனஹள்ளியிலேயே தங்கிவிட்டாள். முப்பத்தைந்தாவது வயதில் டாக்டர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்றார். ஹெலனுக்கு நடப்பது என்றாலே பேஜார். யாரோ விற்க வந்த ஒரு பழைய மவுண்டன் பைக்கை வாங்கினாள். இரும்புச் சட்டம், முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர். அந்தச் சக்கர அளவுக்கு இப்போது டயர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆனாலும் அதே சைக்கிளில், எலஹங்காவைத் தாண்டி இருக்கும் பாறை மேட்டில், பாதி வயதுப் பையன்கள் இறங்கி உருட்டிக்கொண்டு வரும் சரிவில், ஹெலன் உட்கார்ந்தபடியே இறங்கி வருவாள்.

அப்படித்தான் அவளுக்கு அந்தப் பதவி வந்தது. 'செம்மண் சக்கரம்' என்று இருபத்து மூன்று பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு. ஹெல்மெட் வாங்கலாமா, பெடல் மாற்றலாமா, சங்கிலிக்கு எந்த எண்ணெய் என்று எதுவானாலும் முதலில் படம் போட்டு, "ஹெலன் அக்கா, பாஸா?" என்று கேட்பார்கள். வீட்டில் அவள் பேச்சை மகன் கேட்பதில்லை. கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்பதில்லை. இங்கே இருபத்து மூன்று பேர் கேட்டார்கள். ராஜ்யம் சின்னதோ பெரியதோ, ராணிக்கு அது ராஜ்யம்தான்.

ஜூன் மாதம் ஸ்னேஹா வந்தாள்.

மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். தாத்தா கஸ்தூரிரங்கன் மைசூர் சர்க்காரில் வேலை பார்த்தவர். பேத்தி சாஃப்ட்வேர். அவள் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், ட்யூப் இல்லாத டயர், கார்பன் சட்டம். ஒரு கையால் தூக்கிக் காரிலிருந்து இறக்கினாள். அதைப் பார்த்தபோதே ஹெலனின் வயிற்றில் யாரோ அடுப்பைப் பற்றவைத்தாற்போல் இருந்தது.

"ஹெலன் அக்கா, உங்களைப் பத்தி எல்லாரும் சொன்னா. என் டயரையும் பாருங்கோ," என்றாள் ஸ்னேஹா.

ஹெலன் அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல், "பாஸ்," என்றாள். ஸ்னேஹா பையிலிருந்து சின்னதாக ஒரு காற்றுமானியை எடுத்து டயரில் வைத்துப் பார்த்து, "இருபத்து ரெண்டு. கரெக்டா இருக்கு அக்கா. எப்படி விரலாலேயே சொல்றேள்?" என்று வியந்தாள்.

அவள் மனதாரத்தான் வியந்தாள். ஹெலனின் காதில் அது, 'இந்தக் காலத்தில் விரலா?' என்று விழுந்தது. பாராட்டைக்கூடக் குத்தலாகக் கேட்கும் காது பொறாமைக்காரருக்கு மட்டும்தான் வாய்க்கும்.

ஸ்னேஹாவின் சைக்கிளில் ஒரு பட்டன் உண்டு. சரிவில் இறங்கும்போது அதை அழுத்தி உட்கார்ந்தால் சீட்டு தானாகத் தாழும். "சீட்ட எறக்க பட்டனா? நமக்கு இடுப்புனு ஒண்ணு இன்னாத்துக்குக் கீது?" என்று ஹெலன் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதமே அவர்களில் மூன்று பேர் அந்தப் பட்டனை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அவளிடம் பாஸா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒருநாள் ஏரிக்கரை டீக்கடையில் எல்லோரும் இட்லிக்குக் கூடியிருந்தபோது, ஹெலன் மெல்ல நழுவி அந்தச் சைக்கிளிடம் போனாள். பட்டனை அழுத்தி முழங்கையால் சீட்டை அமுக்கினாள். சத்தமில்லாமல் இறங்கியது. அடடா, நமக்கும் ஒன்று இருந்தால் என்று நினைத்தபடி குனிந்து பார்த்தவள், மறுபடியும் பட்டனை அழுத்திவிட்டாள். சீட்டு விர்ரென்று மேலே வந்து அவள் முகவாயில் ஒன்று கொடுத்தது. கண்ணில் நீரோடு திரும்பிப் பார்த்தால், டீ கிளாஸோடு பீட்டர் நின்றிருந்தார். இதுவரை ஏரியையே பார்த்திராதவர்போல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பீட்டர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். ஐம்பத்தாறு வயது. ஹெலனைப்போலவே தங்கவயலில் பிறந்தவர். சர்ச்சில் பாடல் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். அவரைச் சைக்கிளில் ஏற்றியதே ஹெலன்தான். சங்கிலி கழன்றால் மாட்டுவதிலிருந்து எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெலன் ஃபோனை எடுத்தாள். குழுவில் பீட்டர் எழுதியிருந்தார்: "ஸ்னேஹா, ஞாயித்துக்கெழம பாறை மேட்டுக்கு எவ்ளோ காத்து வெக்கணும்மா?"

ஸ்னேஹா என்று இருந்தது. ஹெலன் என்று இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள். பீட்டர் அண்ணாவா? சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

கீழே ஸ்னேஹாவின் பதில் இருந்தது: "இருபத்து ரெண்டு போறும் அங்கிள். காத்து கம்மியா இருந்தா மண்ணை நன்னாப் பிடிக்கும்."

ஹெலன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்னேஹாவின் டயருக்கு அந்தக் கணக்கு சரி. பீட்டரின் டயருக்குள் ட்யூப் இருக்கிறது. அவ்வளவு குறைந்த காற்றில் பாறை விளிம்பில் மோதினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்புக்கடி என்பார்கள் சைக்கிள்காரர்கள். 'அண்ணா, உங்களுது ட்யூபு. முப்பதுக்குக் கீழ வேணாம்' என்று அடித்தாள். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தாள். பிறகு எழுத்தெழுத்தாக அழித்தாள்.

கேட்டது அவளைத்தானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று மனசு சொன்னது. ஒரு பஞ்சர்தானே ஆகும்? எல்லோரும் சுற்றி நிற்பார்கள். யார் இருபத்து ரெண்டு சொன்னது என்று கேட்பார்கள். ஹெலன் பஞ்சர் டப்பாவைத் திறப்பாள். சாப்பாட்டு டப்பாவை மூடும்போது அந்தக் காட்சியை அவள் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள், மூன்று தடவையும் இனித்தது. தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்வார்கள் என்பார்கள். ஹெலன் அறுக்கத் துணிந்தது பீட்டரின் மூக்கை.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது தாஸ் கேட்டார்: "இன்னா, நீயா சிரிச்சினுகீறே?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஒரு படம் கீது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் வழக்கம்போல அழுத்திக்கொண்டு வந்தாள். பாஸ், பாஸ், ரிஜெக்ட், பாஸ். பீட்டரின் முன் டயரில் கட்டைவிரலை வைத்தாள். மெத்தென்று உள்ளே போனது. பதினேழு வருடத்துக் கை, அதற்குத் தெரியாதா? பொங்கி வந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. இரண்டு சைக்கிள் தள்ளி ஸ்னேஹா யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள், சுற்றி நாலு பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, பாஸா?" என்றார் பீட்டர்.

"பாஸ்," என்றாள் ஹெலன்.

பாறை மேட்டின் இரண்டாவது சரிவில் அது நடந்தது. முன் சக்கரம் ஒரு கல் விளிம்பில் மோதியது. டப்பென்று ஒரு சத்தம். அடுத்த கணம் சைக்கிள் ஒரு பக்கமும் பீட்டர் ஒரு பக்கமும் கிடந்தார்கள். ஹெலன் நினைத்துவைத்த படத்தில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். இங்கே அவர் வலது மணிக்கட்டை இடது கையால் ஏந்திக்கொண்டு, முகம் வெளிறி மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஸ்னேஹாவின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. கிறிஸ்துமஸுக்குக் கீபோர்டு கிடையாது.

அன்று மாலை குழுவில் ஸ்னேஹா எழுதினாள்: "தப்பு என்னோடது. அங்கிள் சைக்கிள்ல ட்யூப் இருக்கான்னு கேக்காம நம்பர் சொல்லிட்டேன். இனிமே என்னைக் கேக்காதீங்கோ. ஹெலன் அக்காவையே கேளுங்கோ."

வரிசையாகப் பதில்கள் வந்தன. விஜய்குமார் என்பவன் மட்டும், "ஹெலன் அக்கா டயரை அழுத்திப் பாத்தாங்களே?" என்று கேட்டான். "கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டாங்க," என்று நாலு பேர் அவனை அடக்கினார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் புது டயரின் படத்தைப் போட்டு, "அக்கா, பாஸா?" என்றார்.

ராஜ்யம் திரும்ப வந்துவிட்டது. ஹெலனால் ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியவில்லை. வெட்கத்தைச் சொல்லுமுன் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் நிஜம். அந்தச் செய்தியைப் படித்ததும் முதலில் அவளுக்கு வந்தது அதே வயிற்றெரிச்சல். தப்பை ஒப்புக்கொள்வதில்கூட அந்தப் பெண் முந்திக்கொண்டாளே. அதுவும் பாதித் தப்பை. மீதிப் பாதி தன்னிடம் இருக்கும்போது.

புதன்கிழமை வேலை முடிந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனாள். கீபோர்டின் மேல் துணி போர்த்தியிருந்தது. பீட்டர் இடது கையால் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

"அண்ணா, அந்த டயரு…"

"மெத்துனுதான் இருந்துச்சு," என்றார் பீட்டர். "கெளம்பறதுக்கு முன்னாடி நானும் அமுக்கிப் பாத்தேன்."

"தெரிஞ்சா ஏன் எறங்குனீங்க?"

"நீ பாஸுனு சொன்னியே." கோபமே இல்லாமல் சொன்னார். "என் கைக்கு மெத்துனு பட்டுச்சு. உன் கைக்கு சரினு பட்டுச்சு. எட்டு வருஷமா என் கைய விட்டுட்டு உன் கையத்தானே நம்புறேன்."

ஹெலன் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் மெத்துனுதான் பட்டுச்சு அண்ணா. வியாழக்கெழமையே தெரியும். அவள கேட்டீங்கனு விட்டுட்டேன்."

பீட்டர் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டார். "உன்னக் கேட்டா எப்பவும் முப்பத்தஞ்சு தான் சொல்லுவே," என்றார். "இந்தத் தடவ புதுசா ஒண்ணு பாக்கலாமேனு அவளக் கேட்டேன். அவ்ளோதாம்மா." அப்புறம் தூங்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே ஹெலன் குழுவில் எழுதினாள்: "டயர்ல காத்து கம்மின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பாஸ் சொன்னேன். ஸ்னேஹா மேல பொறாமை." படித்துப் பார்த்தால் அழித்துவிடுவோம் என்று பயந்து, படிக்காமலே அனுப்பினாள். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டார்கள் என்று ஃபோன் காட்டியது. ஒருத்தரும் எழுதவில்லை. சனிக்கிழமை வரை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். "போ. திட்டுனா வாங்கினு வா," என்று தாஸ் கதவைத் திறந்துவிட்டார். ஏரிக்கரையில் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. ஹெலன் தன்னுடையதைக் கடைசியில் சாய்த்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் யார் டயரையும் தொடப் போகவில்லை, யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பீட்டர் இறங்கினார். யாரிடமும் பேசாமல் வரிசையின் கடைசிக்கு வந்தார். குனிந்து, ஹெலனின் முன் டயரில் தன் இடது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரிஜெக்ட்," என்றார்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் அளவாகக் காற்று அடித்திருந்தாள். அந்த டயரில் ஒரு குறையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அப்பீல் இல்லாத வழக்கத்தை வைத்தவளே அவள்தான். வால்வு மூடியைக் கழற்றினாள்.

ஸ்னேஹா அவள் முகத்தைப் பார்க்காமல் வந்து, தன் பம்பை அவள் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். ஹெலன் நாலு தடவை அடித்தாள். காற்று சத்தமில்லாமல் ஏறியது, கை வலிக்கவில்லை, பம்பிலேயே இருந்த காற்றுமானியின் முள் துல்லியமாக நின்றது. நல்ல பம்பு. அதன் மேலும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.