இருபத்து நான்கில் ஒரு பங்கு

காரை மூக்குக்கு அருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறார். பழக்கடையில் முலாம்பழத்தின் காம்பை மோந்து பார்ப்பவரைப் போல. நிஜக் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு, உள்ளங்கையைவிடச் சற்றே நீளமான மாதிரிக் கார் அது. கூரையில் ஒரு முறை, முன்மூடியில் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை. பிறகு தலையை ஆட்டிவிட்டு டப்பாவுக்குள் திரும்ப வைத்துவிடுகிறார்.

"இன்னும் வாசம் வருது. வாசம் வர்ற வரைக்கும் அது வெறும் பெயிண்டு. வாசம் போனாதான் காரு."

எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான் என்பார். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். காய்ந்தது மேல்தோல் மட்டும்தான். அடியில் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு விரலை வைத்தால் ரேகை பதிந்துவிடும், பிறகு அந்த ரேகையோடு சேர்ந்தே காயும்.

பிழைப்புக்கு அவர் பல் செய்கிறார். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து தரும் கூடத்தில் பதினாறு வருஷமாக அதே ஜன்னலோர நாற்காலி. எதைக் கையில் கொடுத்தாலும், "அரை மில்லி தூக்கலா இருக்கே" என்பதால் அங்கே அவருக்கு மில்லிமீட்டர் அக்கா என்று பெயர். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து, இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் அக்கா முதலில் சொல்வது இதைத்தான்: "வெள்ளைப் பல்லுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. நுனியில கொஞ்சம் சாம்பல், ஈறுகிட்ட கொஞ்சம் மஞ்சள். ஒரே வெள்ளையா வச்சீங்கன்னா, மனுஷன் சிரிச்சாலும் சுவர் சிரிச்ச மாதிரி இருக்கும்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கும் அறை பட்டறையாகிவிடும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவார். தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டுவார். கூடத்தில் கழித்துப்போட்ட பல் கருவிகள்தான் இங்கே ஆயுதம். கண்ணாடி துடைப்பான்கள் ஸ்டேப்ளர் பின்னிலிருந்து வரும். மாத்திரை அட்டையின் தகடு பக்கக் கண்ணாடியாகும். வீட்டுக்காரரின் பழைய கைக்கடிகாரப் பட்டையிலிருந்து ஒரு காருக்கு இருக்கை தைத்திருக்கிறார். பட்டையைத் தேடி ஒரு வாரம் அலைந்த மனிதர் கடைசியில் அதைப் பின்சீட்டில் கண்டுபிடித்தார்.

ஓரத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரில் நாலைந்து துண்டு உப்புத்தாள் எந்நேரமும் ஊறிக்கொண்டிருக்கும். தூசியோ முடியோ நெளிவோ, எது பட்டாலும் தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பார். மற்றவர் கண்ணுக்கே தெரியாத ஒரு துரும்புக்காக முழுக் காரையும் உரித்துப் போட்ட நாட்கள் உண்டு. அறுபத்தொரு கார்கள் அலமாரியில் நிற்கின்றன. வந்தவர்கள் கையை நீட்டினால், "கண்ணால தொடுங்க, போதும்" என்பார்.

வாகனம் நிறுத்தும் இடங்களில் அவரோடு போவது ஆபத்து. திடீரென்று குந்தி உட்கார்ந்து யாருடைய காருக்கோ அடியில் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் காவலாளி பின்னாலேயே வந்து நின்றார்.

"என்னம்மா, பூனை ஏதும் உள்ள போயிடுச்சா?"

"இல்லண்ணே. சைலன்சர் எங்க வளையுதுன்னு பாத்தேன்."

காவலாளியும் குனிந்து பார்த்தார். "பதினோரு வருஷமா இங்க நிக்கிறேன். வளையுதுன்னே இன்னிக்குத்தான் தெரியும்."

இத்தனைக்கும் அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். விருந்தாளி வந்தால் இதை எடுத்து விடாமல் இருக்கமாட்டார். "நான் ஒரே ஒரு வண்டி ஓட்டறேன், அதுவும் எனக்குச் சொந்தமில்ல. இவ அறுபத்தொண்ணு வச்சிருக்கா. ஒண்ணையாவது ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க பாப்போம்." அக்கா தலை நிமிராமல் பதில் சொல்வார்: "நீச்சல் தெரிஞ்சாதான் மீன் வளக்கணுமா?"

ஒரே ஒரு முறை ஓட்டியிருக்கிறார். அண்ணன் தன் நீலக் காரில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பின்னால் எடுக்கும்போது இடப்பக்கப் பின்கதவு வாசல் தூணில் உரசி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உள்ளே போய்விட்டது. அக்கா இறங்கி அழுதார். அண்ணன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு மில்லி தப்பிடுச்சு, அவ்வளவுதானே" என்றார். அந்தப் பள்ளத்தை அவர் கடைசிவரை தட்டி எடுக்கவில்லை. பெட்ரோல் போடுகிற இடத்தில்கூட, "இது எங்க வீட்டுப் பொண்ணு போட்ட கையெழுத்து" என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. வண்டி வாசலில் நின்றபடியே துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. அண்ணி தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் தன் ஊருக்கே வந்துவிடச் சொன்னாள். விமானத்தில் இரண்டு பெட்டிதான் எடுத்துப்போகலாம். எதை எடுப்பது எதை விடுவது என்று ஒரு மாதம் வீட்டைச் சுற்றிவந்த அண்ணி, ஒரு நாள் அக்காவின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஊர்ல இருக்கறவன் காரெல்லாம் செய்யற. உங்க அண்ணன் வண்டிய ஒண்ணு செஞ்சு குடு. பெட்டிக்குள்ள அடங்கற மாதிரி."

அக்கா சரி என்று மட்டும் சொன்னார். அளவெடுக்க வண்டி இல்லை. நாலு புகைப்படம் இருந்தது. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கார்களில் அதே வண்டி கிடைக்கவில்லை. அதற்குச் சித்தப்பா பிள்ளை முறையில் ஒன்று கிடைத்தது, இரண்டு கதவோடு. பல் அறுக்கும் ரம்பத்தால் அதைக் குறுக்கே அறுத்து, கூரையை நாலு மில்லி நீட்டி, இடைவெளியைப் பல் செய்கிற பசையால் நிரப்பி, நாலு கதவாக்கினார். இடப்பக்கப் பின்கதவைக் கரண்டிக் காம்பைச் சுடவைத்து மெல்ல அழுத்தினார். அந்தப் பள்ளத்துக்கு அவர் புகைப்படம் பார்க்கவில்லை.

தப்பு நடந்தது நிறத்தில். கீறல் விழுந்தால் தொட்டு வைக்க அண்ணன் வாங்கிய சின்னப் புட்டி ஒன்று, அதே நீலம், அண்ணியிடம் பாதி மீந்திருந்தது. அதை அப்படியே எடுத்து அடித்துவிட்டார். இது அக்கா செய்யக்கூடிய தப்பே அல்ல. நிஜக் காரை நாம் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம், நடுவில் இருக்கிற வெளிச்சம் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. கைக்குள் அடங்கும் காரில் அந்தத் தூரம் இல்லை, அதனால் நிஜ நிறத்தை அப்படியே போட்டால் இருண்டு தெரியும், வெள்ளை கலக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்லித் தருகிறவரே அவர்தான்.

அண்ணி வந்து பார்த்தார். பள்ளத்தைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது நிலைக்கவில்லை.

"கலர் இதான். அவர் வாங்கின புட்டிதான். ஆனா இது அவர் வண்டி இல்லம்மா. துக்கம் கேக்க வந்த வண்டி மாதிரி இருக்கு."

அக்கா புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினார்.

"உனக்குத் தெரியாததா? ஏன் இப்படி அடிச்ச?"

"அவரோட பெயிண்டு அண்ணி. அதுல வேற ஒண்ணக் கலக்க மனசு வரல."

அண்ணி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "உங்க அண்ணன் எதத்தான் கலக்காம விட்டாரு? தேத்தண்ணியில தண்ணி, சண்டையில சிரிப்பு. கலந்துக்கோ போ."

அன்றே காரைக் கரைசலில் ஊறப்போட்டு உரித்தார். புட்டியில் ஒரு மூடி அளவுதான் மிச்சம். இதுவும் தப்பினால் அந்த நீலத்துக்கு வேறு இடமில்லை. பல் நிறம் பார்ப்பது மாதிரி, பிளாஸ்டிக் கரண்டிகளில் சொட்டுச் சொட்டாகத் தொட்டு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் புகைப்படத்தோடு சேர்த்துப் பிடித்தார். ஏழு சொட்டு வெள்ளை. வெயிலில் நின்று நின்று வெளுத்ததற்காக ஒரு சொட்டு மஞ்சள். ஒன்பதாவது கரண்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "மச்சான் வந்துட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடித்து முடித்தபோது அண்ணி கிளம்ப ஐந்து நாள்தான் இருந்தது. அந்தப் பெயிண்டுக்கு வாசம் போகப் பத்து நாளாவது வேண்டும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பும், வந்து செருப்பைக் கழற்றும் முன்பும் மோந்து பார்த்தார். கடைசி நாள் காலையிலும் வாசம் இருந்தது.

வாசலில் டாக்சி வந்து நின்றது. அண்ணி கைப்பையோடு உள்ளே வந்தார். அக்கா டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். மூடியில் காற்றுப் போக ஊசியால் ஓட்டைகள் போட்டிருந்தார்.

"இன்னும் காயல அண்ணி. போய்ச் சேந்ததும் மூடியத் தொறந்து வைங்க. ஒரு வாரத்துக்கு யாரும் தொட வேண்டாம், பேரனைத் தூரமா..."

அண்ணி கேட்கவில்லை. காலை வெளிச்சம் அந்த நீலத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஏறும்முன் கூரையை விரலால் ஒரு தட்டுத் தட்டி, வண்டியிடமே கேட்பார். அண்ணியின் கை தானாகப் போனது. ஓட்டுநர் பக்கக் கதவுக்கு மேலே, ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு.

"போலாமா" என்றார்.

விரலை எடுத்ததும்தான் அவருக்கே உறைத்தது. நீலத்தில் ஓர் அரிசி அளவுக்கு மங்கல். அதற்குள் வளைவு வளைவாக ரேகை.

"ஐயையோ, கெடுத்துட்டேனா? இத்தன நாள் உழைச்சியே."

பேருந்து நேரத்தோடே வாழ்கிற வீட்டுக்காரர் அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பட்டறையிலிருந்து உப்புத்தாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "கால் மணி நேரம் இருக்கு. தேச்சு ஒரு கை அடிச்சிடலாம். நான் டாக்சிக்காரர்கிட்ட பேசிக்கறேன்."

அக்கா காரை ஓரத்தில் பிடித்துத் தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்தார். பின்கதவில் பள்ளம். மேலே, கொஞ்சம் முன்னால், அண்ணியின் விரல். வழக்கம்போல மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஒரு முறை மோந்தார். டப்பாவில் வைத்தார், மூடினார், அண்ணியின் கையில் கொடுத்தார்.

பிறகு வீட்டுக்காரரிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், அதிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்.